ஆடியவர் அம்பயர் ஆனால்: வீரர், நடுவர், பயிற்சியாளர் என்ற மூன்று வேலைகள்

இலங்கைக்கு ஆடி, பிறகு கிரிக்கெட் அம்பயரான குமார் தர்மசேனா ஒரு தீர்ப்பில் தவறினால் உடனே ஒரு குரல் எழும்: "இத்தனை மேட்ச் ஆடியவர்தானே, இதுகூடவா தெரியாது?" ஆடாத ஒருவர் தவறினால் இன்னொரு குரல்: "பந்தைத் தொட்டுப் பார்க்காதவருக்கு என்ன தெரியும்?" இரண்டு பேச்சுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. நன்றாக ஆடத் தெரிந்தால் நன்றாகத் தீர்ப்பும் சொல்லலாம், நன்றாகச் சொல்லியும் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அது. பாதி உண்மைதான். அந்தப் பாதி எது, எங்கே அது நின்றுவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கிரிக்கெட்டின் அடிப்படை விதிகள் தெரிந்திருந்தால் போதும், மற்ற சொற்களை வரும் இடத்திலேயே விளக்கிவிடலாம்.

எட்டு போடும் மைதானம்

டூவீலர் லைசென்ஸ் எடுக்கப் போனவர்களுக்கு 'எட்டு போடுவது' தெரியும். அங்கே மூன்று பேர் இருப்பார்கள். வண்டியில் இருப்பவர், ஓரமாக நிற்கும் ஆய்வாளர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மூவருக்கும் வண்டி ஓட்டத் தெரியும். ஆனால் அந்த அரை நிமிடத்தில் மூவரும் பார்ப்பது மூன்று வேறு விஷயங்கள்.

ஓட்டுபவரின் கண் அடுத்த வளைவில் இருக்கும். கால் தரையில் பட்டதா என்ற ஒன்றே ஆய்வாளருக்கு வேண்டியது. "நன்றாக ஓட்டுகிற பையன், இன்று ஏதோ தடுமாறிவிட்டான்" என்பது அவர் கணக்கில் வராது, வரவும் கூடாது. மாஸ்டருக்கோ கால் ஏன் பட்டது என்பது முக்கியம். முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினானா, கிளட்சைச் சட்டென்று விட்டானா என்று தேடுவார்.

கிரிக்கெட்டிலும் இதே மூன்று வேலைகள்தான். வீரர் அடுத்து நடக்கப்போவதை ஊகிக்கிறார். அம்பயர் இப்போது நடந்ததை மட்டும் தீர்க்கிறார். அது ஏன் நடந்தது என்று பயிற்சியாளர் தேடுகிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர் கண்ணையும் கவனத்தையும் புதிதாகப் பழக்கியாக வேண்டும்.

வெங்கட்ராகவன் மாறிய விதம்

சென்னையின் ஸ்ரீனிவாசராகவன் வெங்கட்ராகவன் இதற்குச் சரியான உதாரணம். ஆஃப் ஸ்பின்னர் (விரலால் சுழற்றி, வலக்கை மட்டையாளருக்கு உள்ளே திருப்பும் வீச்சாளர்), கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1965-இல் நியூசிலாந்துக்கு எதிரான தொடரில் டெஸ்ட் ஆடத் தொடங்கினார். அதே தொடரின் டெல்லி டெஸ்ட்டில் ஒரே இன்னிங்ஸில் 72 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தபோது அவருக்கு 20 வயதுகூட ஆகவில்லை. மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட். 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணியின் கேப்டன்.

கடைசி டெஸ்ட்டை 1983-இல் ஆடினார். அம்பயராக முதல் டெஸ்ட்டில் நின்றது 1993-இல். இடையில் ஏறத்தாழ 10 ஆண்டுகள். அதன் பின் 2004 வரை 73 டெஸ்ட்டுகளில் நடுவராக நின்றார், அதாவது ஆடியதைவிட 16 கூடுதல். 1999 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதி டையில் முடிந்த பர்மிங்ஹாம் அரையிறுதியில் டேவிட் ஷெப்பர்டுடன் நின்றவர் அவர்தான். ஐசிசி 2002-இல் எட்டு பேரை மட்டும் வைத்து 'எலைட் பேனல்' என்ற முதல்நிலை அம்பயர் குழுவை அமைத்தபோது அதில் இடம்பெற்ற ஒரே இந்தியரும் அவரே.

தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முறை சர்வதேச ஆட்டத்தில் முதன்முதலில் சோதிக்கப்பட்டது 2008-இல். ஆகவே எல்பிடபிள்யூவிலும் கீப்பர் கேட்சிலும் வெங்கட்ராகவன் சொன்னதே முடிவு. விரல் உயர்ந்தால் உயர்ந்ததுதான்.

அரை நொடிக்குள் என்னென்ன

இனி பந்துவீச்சாளர் முனையில் நிற்கும் அம்பயரின் இடத்திலிருந்து பார்ப்போம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் கையை விட்ட பந்து மட்டையை அடைய ஏறக்குறைய அரை நொடி ஆகும். சுழற்பந்து என்றால் முக்கால் நொடி. அதற்குள் அவர் கண் இரண்டு இடங்களுக்குப் போயாக வேண்டும்.

முதல் இடம் வீச்சாளரின் முன்கால். ஸ்டம்ப்பிலிருந்து 4 அடி முன்னால் இருக்கும் கோட்டுக்குப் பாப்பிங் கிரீஸ் என்று பெயர். கால் தரையில் இறங்கும் அந்தக் கணத்தில் அதன் ஏதாவது ஒரு பகுதி இந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். காற்றில் தூக்கிய குதிகாலாக இருந்தாலும் சரி. இங்கே பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்ளும் நுணுக்கம் ஒன்று உண்டு. கிரீஸ் என்பது வெள்ளைப் பட்டை முழுவதும் அல்ல, ஸ்டம்ப் பக்கம் இருக்கும் அதன் உள்விளிம்பு மட்டுமே. குதிகால் வெள்ளையின் மேல் இருந்து, உள்விளிம்புக்குப் பின்னால் எதுவுமே இல்லை என்றால் அது நோ-பால். "கோட்டு மேலதானே இருக்கு" என்று தெரு ஆட்டத்தில் வாதாடுவது விதிப்படி செல்லாது.

இரண்டாவது இடம் பந்து. காலைப் பார்க்கத் தாழ்ந்திருந்த கண் உடனே நிமிர்ந்து எதிர்முனையில் பந்தைப் பிடிக்க வேண்டும். புதிய அம்பயர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். காலையே பார்த்துக்கொண்டிருந்தால் பந்து எங்கே குத்தியது என்பது கைநழுவிவிடும். பந்துக்கு முன்கூட்டியே போனால் நோ-பால் தப்பிவிடும். சர்வதேச ஆட்டங்களில் 2020 முதல் முன்கால் நோ-பாலை டிவி அம்பயரே பார்க்கும் முறை வந்துவிட்டதால், அங்கே இந்தச் சுமை குறைந்திருக்கிறது. லீக் ஆட்டங்களிலும் பள்ளி ஆட்டங்களிலும் சுமை அப்படியேதான் இருக்கிறது.

முன்னாள் வீரருக்கு இந்த இடத்தில் ஒரு பலமும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. மணிக்கட்டையும் விரல்களையும் பார்த்தே பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் ஆஃப் ஸ்பின் போட்டவருக்குப் பந்து காற்றில் விலகுவதும், குத்திய பின் உள்ளே வருவதும், சில சமயம் திரும்பாமல் நேரே போவதும் ரத்தத்தில் ஊறியவை. ஆபத்தும் அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. இது திரும்பும் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால், திரும்பாத பந்தையும் திரும்பியதாகவே கண் காட்டும். ஊகிப்பது ஆட்டக்காரரின் உயிர்நாடி. அம்பயராக நிற்கும்போது அதை அடக்கி வைக்கப் பழக வேண்டும்.

சுருக்கமாக: காலிலிருந்து பந்துக்குக் கண்ணை நகர்த்துவது முதல் திறமை, நடப்பதற்கு முன் முடிவு கட்டாமல் இருப்பது இரண்டாவது. ஆடிய அனுபவம் முதலாவதற்குக் கொஞ்சம் உதவும், இரண்டாவதற்குச் சில நேரம் இடைஞ்சலாக நிற்கும்.

எல்பிடபிள்யூ: வரிசையாகக் கேட்கும் கேள்விகள்

பந்து காலில் பட்டது, வீச்சாளர் திரும்பி நின்று கத்துகிறார். நல்ல அம்பயர் உடனே பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. மனதுக்குள் ஐந்து கேள்விகளை அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நோ-பாலா? ஆம் என்றால் அங்கேயே முடிந்தது. பந்து லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே குத்தியதா? (மட்டையாளர் நிற்கும்போது அவர் முதுகுப் பக்கம் லெக், எதிர்ப்பக்கம் ஆஃப்.) குத்தியிருந்தால் ஸ்டம்ப்பின் நடுவில் போய் அடிக்கும் பந்தாக இருந்தாலும் அவுட் இல்லை. உடலில் படும் முன் மட்டையிலோ மட்டையைப் பிடித்த கையுறையிலோ பட்டதா? பட்டிருந்தால் அவுட் இல்லை. உடலில் பட்ட இடம் ஸ்டம்ப்புகளுக்கு நேரே இருந்ததா? ஆஃப் பக்கம் வெளியே பட்டிருந்தால், அவர் உண்மையாகவே அடிக்க முயலாமல் காலை மட்டும் நீட்டியிருந்தால் தவிர அவுட் கிடையாது. இந்த நான்கையும் தாண்டிய பிறகுதான் கடைசிக் கேள்வி: தடை இல்லாவிட்டால் பந்து ஸ்டம்ப்பில் பட்டிருக்குமா?

பார்வையாளர்கள் இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குவார்கள். "நேரா இருந்தது, மிடில் ஸ்டம்ப்!" என்பார்கள். வீச்சாளர்களும் அப்படித்தான். ஓடி வந்து பந்தை விட்ட பிறகு பக்கவாட்டில் விலகும் அவருக்கு, நேர்கோட்டில் நின்று பார்க்கும் வசதி கிடையாது. வீச்சாளராக இருந்து அம்பயர் ஆனவர் கேள்விகளைத் தலைகீழாக அடுக்கப் பழக வேண்டும், கடைசியில் இருந்த கேள்வியைக் கடைசியிலேயே வைக்க வேண்டும்.

கடைசிக் கேள்வியில் மிகவும் சறுக்குவது உயரமும் தூரமும். ஸ்டம்ப்பின் உயரம் 28 அங்குலம். மட்டையாளர் கிரீஸிலேயே பின்வாங்கி நின்றால் பந்துக்கு மிச்சம் இருப்பது மூன்று நான்கு அடிதான். ஒரு பெரிய எட்டு முன்னால் வைத்திருந்தால் பந்து இன்னும் எட்டு ஒன்பது அடி போக வேண்டும். அந்த இடைவெளியில் எழும்பிக்கொண்டிருக்கும் பந்து ஸ்டம்ப்புக்கு மேலே போய்விடும், திரும்பிக்கொண்டிருக்கும் பந்து லெக் ஸ்டம்ப்பைத் தாண்டிவிடும். வலக்கை மட்டையாளருக்கு ஓவர் தி விக்கெட் (வீசும் கை ஸ்டம்ப்பை ஒட்டி வரும் பக்கம்) வீசும் ஆஃப் ஸ்பின்னரின் திரும்பும் பந்து பெரும்பாலும் லெக் ஸ்டம்ப்பைத் தாண்டிப் போவது இதனால்தான். அதே வீச்சாளர் ரவுண்ட் தி விக்கெட் (ஸ்டம்ப்பின் மறுபக்கம்) வந்தால், ஸ்டம்ப்புகளுக்கு நேரே குத்தி நேராகவே நிற்கும் பந்து கிடைக்கும், எல்பிடபிள்யூ வாய்ப்பும் கூடும். வெங்கட்ராகவன் போன்ற சுழற்பந்து வீச்சாளருக்கு இந்தக் கோணக் கணக்கு கையிலேயே இருந்திருக்கும். ஆட்ட அனுபவம் அம்பயருக்கு முழுப் பலன் தருவது இங்கேதான்.

ரீப்ளேயில் வரும் 'அம்பயர்ஸ் கால்' பற்றியும் ஒரு வார்த்தை. பந்து காலில் பட்ட இடத்துக்குப் பின் திரையில் தெரியும் பாதை கேமரா பதிவு செய்தது அல்ல, கணினி கணித்தது. பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்ப்பில் படும் என்று அது காட்டினால், கணிப்பில் இருக்கக்கூடிய பிசகைக் கருதி மைதானத்தில் சொன்ன முடிவே நிற்கும். அம்பயரின் மனத்தை நோகடிக்காமல் இருப்பதற்கான சலுகை இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கருவியின் எல்லை எதுவோ அதுதான் அம்பயர்ஸ் கால்.

சத்தம் தாமதமாக வரும்

கீப்பர் கேட்சில் அம்பயர் கண்ணையும் காதையும் சேர்த்தே நம்புகிறார். அவருக்கும் மட்டைக்கும் நடுவே ஏறத்தாழ 20 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே மட்டையோரம் பந்து உரசிய சத்தம் காட்சிக்குப் பின் நூறில் ஆறு பங்கு நொடி கழித்தே காதுக்கு வரும். முதலில் படம், பிறகு சத்தம். பந்து மட்டையைக் கடந்த அதே கணத்தில் காதில் விழுந்த சத்தம் உண்மையில் அதற்கு முன்பே எழுந்தது. மட்டை பேடில் தட்டியதாகவோ தரையில் உரசியதாகவோ அது இருக்கலாம்.

கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்காக ஸ்லிப்பில் நின்று பழகியவருக்கு இந்தப் பழக்கம் இருக்காது. அவர் நிற்பது மட்டைக்கு மறுபக்கம், கேட்கும் தூரமும் வேறு. அம்பயர் முனையில் நூற்றுக்கணக்கான ஓவர்கள் நின்று காதைப் பழக்குவது தவிர வேறு வழியில்லை.

2019 லார்ட்ஸ்: மூன்று இடம், இரண்டு அம்பயர்

குமார் தர்மசேனா இலங்கைக்காக 31 டெஸ்ட், 141 ஒருநாள் ஆட்டங்கள் ஆடியவர். 1996-இல் உலகக் கோப்பை வென்ற அணியில் லாகூர் இறுதியாட்டம் ஆடினார். 2015 மெல்போர்ன் இறுதியாட்டத்தில் அம்பயராக நின்றார். உலகக் கோப்பை இறுதியில் ஆடியும் நடுவராக நின்றும் இருக்கிற முதல் மனிதர் அவரே. ஐசிசியின் ஆண்டின் சிறந்த அம்பயர் விருதை 2012, 2018 என இருமுறை பெற்றவர். அவ்வளவு அனுபவம் உள்ளவர் 2019 இறுதியில் செய்த தவறு, அம்பயர் வேலையின் தன்மையைக் கண்முன் காட்டுகிறது.

கடைசி ஓவர். இங்கிலாந்துக்கு 3 பந்தில் 9 ரன் தேவை. பென் ஸ்டோக்ஸ் அடித்துவிட்டு இரண்டாவது ரன்னுக்குப் பாய்கிறார். எல்லையிலிருந்து நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டுகிறது. தர்மசேனா 6 ரன் கொடுத்தார்: ஓடியது 2, எல்லை 4.

விதி 19.8 வேறு சொல்கிறது. எறிந்த பந்து எல்லையைத் தொட்டால், முடித்த ரன்களோடு, எறிந்த கணத்தில் மட்டையாளர் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருந்தால் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் ரன்னும் சேரும். கப்டில் எறிந்தபோது அவர்கள் கடக்கவில்லை. சரியான கணக்கு 5: முடித்தது 1, எல்லை 4. அடுத்த பந்தை ஆட வேண்டியவரும் ஸ்டோக்ஸ் அல்ல, மறுமுனையில் இருந்த ஆதில் ரஷீத். ஆட்டம் டையில் முடிந்ததால் அந்த ஒரு ரன்னின் எடை எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அது தவறுதான் என்று தர்மசேனா பின்னர் ஒப்புக்கொண்டார்.

விதி தெரியாததால் வந்த பிழை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சில நொடிகளில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டியிருந்தது: எல்லையில் பந்து கையை விட்டுப் போகும் கணம், பிட்ச்சின் நடுவில் இருவரும் கடக்கும் இடம், ரன் அவுட்டுக்கான கிரீஸ். மூன்றுக்கும் நடுவே பல மீட்டர் தூரம். ஆடுகிறவர் என்றால் பந்து வரும் திசையைப் பார்த்தால் போதும். அம்பயர்கள் இந்த இடங்களைத் தமக்குள் முன்கூட்டியே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பங்கீடு இல்லாமல் போனால் எல்லாருடைய கண்ணும் ரன் அவுட் முனைக்கே ஓடும், மற்ற இரண்டு இடங்களும் அனாதையாகும்.

அம்பயர் ஆகத் தேர்வு உண்டு

பெயர் பெற்ற வீரர் ஓய்வு பெற்றதும் வாரியம் கூப்பிட்டு வெள்ளைத் தொப்பியை மாட்டிவிடும் என்று நினைப்பது தவறு. பொதுவான பாதை இது: மாநிலச் சங்கத்தின் தேர்வு, உள்ளூர் லீக் ஆட்டங்கள், பிசிசிஐ தேர்வு, உள்நாட்டு முதல்தர ஆட்டங்கள், அதன் பிறகே சர்வதேச வாய்ப்பு. எழுத்துத் தேர்வோடு நேர்முகக் கேள்விகளும், காணொளியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லும் பகுதியும் உண்டு.

2022-இல் அகமதாபாத்தில் நடந்த அப்படியொரு தேர்வில் ஏறத்தாழ 140 பேரில் 3 பேர் மட்டுமே தேறினார்கள். அதில் வந்த ஒரு கேள்வி விதியைப் படிப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் உள்ள தூரத்தைக் காட்டுகிறது. பெவிலியன், மரம், ஃபீல்டர் ஆகியோரின் நிழல் பிட்ச்சில் விழுந்து மட்டையாளர் புகார் செய்தால் என்ன செய்வாய்? கட்டட நிழலையும் மர நிழலையும் பொருட்படுத்த வேண்டாம். ஃபீல்டரிடம் அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும், அசைந்தால் டெட் பால் (அந்தப் பந்து கணக்கில் இல்லை). நிழல் விழுவது பிரச்சினை இல்லை, பந்து வரும் நேரத்தில் அது அசைவதுதான் மட்டையாளரின் கண்ணைத் திருப்பும். இதைப் புரிந்தவர் கேள்வியை மாற்றிக் கேட்டாலும் பதில் சொல்வார்.

ஆடாதவர்களும் இந்தப் பாதையில் உச்சிக்குப் போயிருக்கிறார்கள். 2004 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து முறை ஆண்டின் சிறந்த அம்பயர் விருதை வென்ற ஆஸ்திரேலியாவின் சைமன் டாஃபல் முதல்தர ஆட்டம் ஒன்றுகூட ஆடியவர் அல்ல. அதே நாட்டின் பால் ரைஃபலோ 35 டெஸ்ட் ஆடி 104 விக்கெட் எடுத்த பிறகு அம்பயராகி எலைட் பேனலுக்கு வந்தார்.

மூன்றாவது நாற்காலி: பயிற்சியாளர்

அம்பயராக இருந்து பயிற்சியாளர் ஆவது அபூர்வம். காரணம் எளிது. அம்பயருக்கு எந்த அணி வென்றாலும் ஒன்றுதான், பயிற்சியாளருக்கு ஒரே அணிதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தின் ஜாக் பிர்கன்ஷா அப்படிப் போனவர். அவரும் ஆஃப் ஸ்பின்னர்தான், 5 டெஸ்ட் ஆடியவர். லெஸ்டர்ஷயர் 1975-இல் முதல்முறையாகக் கவுண்டி சாம்பியன் ஆனபோது அணியில் இருந்தார். பிறகு அம்பயராகி 2 டெஸ்ட்டுகளில் நின்றார். அதன் பின் பயிற்சிப் பக்கம் திரும்பினார். 1996-இலும் 1998-இலும் லெஸ்டர்ஷயர் மறுபடி சாம்பியன் ஆனபோது அணியின் பயிற்சியாளர் அவர்.

அம்பயர்களுக்கே பயிற்சியாளராக இருப்பது இன்னொரு வகை. 2012-இல் ஓய்வு பெற்ற டாஃபல் ஐசிசியில் அந்தப் பொறுப்புக்குத்தான் போனார். ஒரு தீர்ப்பு தப்பியதா என்பதோடு இந்த வேலை நிற்காது. கண் தாமதமாகக் காலிலிருந்து எழுந்ததா, தலை சாய்ந்திருந்ததா, ரன் அவுட்டுக்குப் பக்கவாட்டில் நகரும்போது நிற்காமல் ஓடிக்கொண்டே பார்த்தாரா என்று காணொளியில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஓடிக்கொண்டே பார்த்தால் கோடும் மட்டையும் கண்ணில் ஆடும். கணம் வருவதற்கு முன் நின்றுவிடு என்பது அங்கே முதல் பாடம்.

வீரர்களுக்குப் பயிற்சி தருபவருக்கு அம்பயராக நின்ற காலம் எதில் உதவும்? வலைப்பயிற்சியைப் பாருங்கள். அங்கே அம்பயர் கிடையாது. வீச்சாளர் கோட்டைத் தாண்டி அரை அடி வந்து போட்டாலும் யாரும் கேட்பதில்லை. ஆறு நாள் அப்படிப் போட்டவர் ஏழாம் நாள் மேட்ச்சில் திடீரென்று பின்னால் இறங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. வலையிலும் ஒருவரை ஸ்டம்ப்புக்குப் பின்னால் நிற்கவைத்து ஒவ்வொரு நோ-பாலையும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஓட்டத்தின் தொடக்கக் குறியை நாடாவால் அளந்து எழுதிவைக்க வேண்டும். காற்று முதுகிலிருந்து வந்தால் எட்டு நீளும், அப்போது குறியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த வேண்டும்.

வீசிய பின் ஓடும் ஓட்டமும் அப்படித்தான். பாப்பிங் கிரீஸிலிருந்து 5 அடி முன்னால் தொடங்கி, பிட்ச்சின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஓரடி அகலத்துக்கு உள்ள பகுதியில் வீச்சாளரின் ஸ்பைக் பதியக் கூடாது. பந்து குத்தும் இடம் அது, மண் பெயர்ந்தால் எதிரணிக்கு ஆபத்து. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாவது முறை இறுதி எச்சரிக்கை, மூன்றாவது முறை அந்த இன்னிங்ஸ் முழுவதும் அவர் பந்து வீச முடியாது. மேட்ச்சில் இதை முதலில் பார்ப்பவர் பின்னால் நிற்கும் அம்பயர். பயிற்சி வலையில் அந்தப் பகுதியைச் சுண்ணாம்பால் கட்டம் கட்டிவிட்டால் போதும். ஓவர் முடிந்ததும் தன் காலடி எங்கே விழுந்தது என்று வீச்சாளரே திரும்பிப் பார்த்துக்கொள்வார்.